நடக்கிறதெல்லாம் ஒரு கேமா?

எங்கள் நிகழ்ச்சி மாதத்துக்கு ஒரு நாள்தான், அமாவாசை அன்று. நல்ல நாள் பார்த்து வைத்ததல்ல. என்னோடு சேர்ந்து பேசுகிறவன் பட்டு நெய்கிறவன். அவன் வீட்டில் மூன்று தறி, எதிர்வீட்டில் நான்கு, இரண்டு பக்கத்துச் சுவருக்கு அப்பாலும் தறிதான். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் மைக்கை வைத்தால் தறி பேசுவதுதான் கேட்கும், நாங்கள் பேசுவது கேட்காது. அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்றைக்குத் தெருவே மத்தியானத் தூக்கத்தில் கிடக்கும். இரண்டு மணிக்கு அவன் வீட்டு முன்னறையில், எதிரொலி வராமல் இருக்க நூல் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வீடியோ கேம்களைப் பற்றி நேரலையில் பேச ஆரம்பிப்போம்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து கார் ஓட்டிப் பழகியவர்கள். அவன் தறிக்குப் போனான். நான் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சான்றிதழ் கேட்டு வருகிறவர்களோடு நாள் முழுக்கப் பேசி எனக்கு வாய் நீண்டுவிட்டது. "உனக்கு மட்டும் ஆண்டவர் நாக்கைக் கொடுத்துட்டு அப்புறம்தான் மத்ததெல்லாம் யோசிச்சிருக்காரு" என்பாள் அம்மா. நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ந்ததும் அந்த நாக்கால்தான். அவன் ஒரு கேமை நிதானமாக எடுத்துச் சொல்வான், நான் கிழிப்பேன். கேட்கிறவர்கள் தங்களுக்கு 'அமாவாசைக் கோஷ்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு, நான் கிழிப்பதை மட்டும் துண்டு துண்டாக வெட்டி ஊரெல்லாம் அனுப்புவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அப்படி இருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. "நான் உங்கள் நிகழ்ச்சியை முதலிலிருந்து கேட்கிறேன். முசரவாக்கத்தில் இருக்கிறேன். ஒரு சின்ன கேம் செய்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நாள் பேசுவீர்களா?" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நான்கு வருடமாகத் தனியாக உட்கார்ந்து செய்ததாம். நம்ம ஊர்ப் பிள்ளை என்று அவன் பூரித்துப்போனான். நானும் கேமைப் போனில் இறக்கினேன்.

கேம் இதுதான். பூக்காரி, கண்டக்டர், சாப்பாட்டுக் கூடை வைத்திருப்பவர் என்று ஆட்கள் நிறைந்த டவுன் பஸ்ஸில் ஒரு பெண் தூங்கிப்போய், தான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறாள். கண் விழிக்கும்போது பஸ்ஸில் ஆள் இல்லை. பெயர்ப்பலகை இல்லாத ஒரு நிறுத்தத்தில் இறங்குகிறாள். அங்கிருந்து நடக்கவேண்டும். சுடுவதற்கு ஆளில்லை, தாண்டுவதற்குப் பள்ளமில்லை, பாயிண்ட் இல்லை. சத்தம்கூட இல்லை. விரலை வைத்தால் நடப்பாள், எடுத்தால் நிற்பாள்.

செவிலிமேட்டில் இருக்கிற எனக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் ஆடினேன். வீடு வந்தது, போனைப் பைக்குள் போட்டேன். அடுத்த நாள் அமாவாசை.

நேரலையில் அவன், "எனக்குப் பிடிச்சிருந்திச்சி, ஆனா நீ இன்னா சொல்ற?" என்றான். நான் சொன்னேன்: "ஏம்பா, நடக்கிறதெல்லாம் ஒரு கேமா? பஸ்ஸை விட்டுட்டா நானுந்தான் நடக்கறேன். எனக்கு யாரு பாயிண்ட் குடுக்கறாங்க? இத ஆடறதுக்கு போன் எதுக்கு, செருப்பு போதும்."

அவன் சிரித்துவிட்டு, "முழுசா ஆடினியா?" என்று கேட்டான்.

"ஆடினேன்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் அவ்வளவு சுளுவாக வந்தது.

கோஷ்டிக்குக் கொண்டாட்டம். அந்த ஒரு வரியை வெட்டி, பின்னால் மேளச்சத்தம் சேர்த்து, சுற்றுக்கு விட்டார்கள். கேமை இறக்குகிற பக்கத்துக்குப் போய் ஆளாளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டார்கள். ஆடிப்பார்க்காதவர்களும் போட்டார்கள். பத்து நாளில் அந்தப் பெண் கேமை எடுத்துவிட்டாள். என் போனிலிருந்த பிரதியைத் திறந்தால், 'இப்போது கிடைக்காது' என்ற ஒற்றை வரிதான் வந்தது. சரி, போகட்டும் என்று விட்டேன்.

விட்டேன் என்று சொல்கிறேன், அது என்னை விடவில்லை. கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், காகிதம் ஒவ்வொன்றாக வந்து விழும். பார்த்துக்கொண்டே நிற்கிற நான் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பேன். இருபது நிமிடத்தில் பார்த்ததெல்லாம் வரும். சாயம் போட்ட நூல்களைக் கொடியில் காயப்போட்டிருக்கிற ஒரு சந்து. ஒவ்வொன்றிலிருந்தும் நிறம் சொட்டி, தரையில் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடும். ஆளே இழுக்காமல் மெதுவாக நகர்கிற ஒரு தேர். அதற்கு வழிவிட்டு அவள் ஒதுங்கி நிற்கவேண்டும், அவசரப்பட்டால் முடியாது. மழை வரும், ஜரிகை நிறத்தில் வரும், யாரும் நனையமாட்டார்கள். அப்புறம் பாலாறு. நான் பார்த்து வளர்ந்தது மணல். அந்தக் கேமில் தூரத்தில் அது தண்ணீராகத் தெரிந்தது. பாதை, பாலாறும் இன்னும் இரண்டு ஆறும் சேருகிற இடத்துக்குப் போகிறது. திருமுக்கூடலைப் பார்த்தவர்களுக்கு இடம் எதுவென்று உடனே தெரியும். தண்ணீர் தெரிய ஆரம்பித்த இடத்தில்தான் நான் வீடு வந்துவிட்டது என்று போனை அணைத்திருந்தேன்.

ஆற்றங்கரையில் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. சாப்பிடும்போது நினைவு வரும். ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடும்போது எனக்கு அந்தக் கரைதான் தெரியும். கனவிலும் நடந்தேன். கனவிலும் போய்ச் சேரவில்லை.

மூன்று மாதம் கழிந்திருக்கும். பஸ் வராமல் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சில்லறையைக் கொடுத்துக்கொண்டே நான் ஏதோ சொல்ல, ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"நீ அமாவாசைக் கேம் பொண்ணு தானம்மா? இந்தக் குரலை எங்க கேட்டாலும் தெரியும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு உன்னுதுதான் கேட்டுக்கினு இருப்பேன். அந்த நடக்கிற கேமு சொன்ன பாரு, விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒரு ஸ்டார் போட்டேன். போட்டப்புறம், சரி, இன்னாதான் இருக்குதுன்னு ஆடினேன்."

"முழுசாவா?"

"முழுசாதான். சவாரி இல்லாதப்பல்லாம் நடந்தேன். அந்த முடிவு இருக்குது பாரும்மா..." என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டார். திரும்பவும் கிளம்பினார். "அந்த முடிவைப் பார்த்துட்டு நீ எப்படிம்மா அப்படிப் பேசின? எனக்கு அதான் புரியல. நான் போயி ஸ்டாரை மாத்தலாம்னு பார்த்தா, கேமையே எடுத்துட்டாங்க."

"முடிவுல என்ன வரும்?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ஆடவில்லை என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஆட்டோவில் பேசாமல் வந்தது அன்று ஒருநாள்தான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தறியில் இருந்தான். சத்தத்துக்கு நடுவே அவன் காதருகே குனிந்து, "நான் அந்தக் கேமை முழுசா ஆடல" என்றேன்.

இழைகளுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "தெரியும்."

"எப்படி?"

"நான் ஆடி முடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சி. நீ ஒரே நாள்ல முடிச்சேன்ற" என்றான். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

கோபம் வந்தது. அவன்மேல் வந்த மாதிரி வந்து என்மேலேயே திரும்பியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நன்றாகத்தான் இருந்தது, கெட்டது வேறொருத்தியின் நான்கு வருடம். அதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது. "முடிவு என்னன்னு சொல்லு" என்றேன். "சொல்லமாட்டேன், போயி அவகிட்ட கேளு" என்று நாடாவை விட்டான்.

அவளுக்கு மெயில் எழுதினேன். அடுத்த அமாவாசை நிகழ்ச்சிக்கு வரமுடியுமா, வீட்டிலிருந்தே வீடியோவில் பேசினால் போதும் என்று. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அழித்தேன். பாகற்காயைப் பச்சையாகத் தின்னச் சொன்னால் தின்பேன், இந்த ஒரு வார்த்தை எனக்கு இறங்காது. பலபேர் முன்னால் சொன்ன பொய், பலபேர் முன்னால்தான் திருத்தப்படவேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கழித்து, "வருகிறேன். தேதி சொன்னால் லீவு போடுகிறேன்" என்று பதில் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

கடையில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை கட்டத்தில் அமாவாசை என்று போட்டிருந்தது. வியாழன் இரண்டு மணி என்று அவளுக்குச் சொன்னேன், கோஷ்டிக்கும் அறிவித்தேன். எப்போதும் தேதி சொல்கிறவன் அவன்தான்; இந்தத் தடவை ஒரு முகூர்த்தப் புடவையில் மூழ்கி இருந்தான், போனையே தொடவில்லை.

வியாழன் மத்தியானம் தெருவில் திரும்பியபோதே தறிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு இன்னாபா தறி ஓடுது?" என்றேன்.

"நாளைக்குத்தானே அமாவாசை?" என்றான் அவன். "இன்னிக்கு மத்தியானம் ஆரம்பிச்சி நாளைக்கு மத்தியானம்தான் விடுது. நாளைக்குத்தான் லீவுன்னு தெருவுல போன வாரமே பேசி முடிச்சிட்டாங்க. காலண்டர்ல எப்ப பிறக்குதுன்னு நேரம் பார்க்கமாட்டியா?"

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் நாள். அமாவாசைக்கு நேரம் உண்டு, அது ஒருநாள் பாதியில் பிறந்து மறுநாள் பாதியில் முடியும், லீவு எந்தப் பாதிக்கு என்பதைத் தெருதான் முடிவு செய்யும் என்பதெல்லாம் இத்தனை வருடம் அந்த வீட்டுக்கு வந்துபோயும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கு மாற்றலாம் என்றால் அவளுக்கு நாளை டியூட்டி. அவன் உள்ளே போய்க் கெஞ்சினான். "கோர்வை பாதியில இருக்குதுடா, எப்படி நிறுத்தறது?" என்றார் அவன் அண்ணன். புடவையின் உடம்பையும் கரையையும் இணைக்கிற அந்த வேலையில் இரண்டு பேர் எதிரெதிரே நாடா விடவேண்டும்; மறுபக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அதை நிறுத்தினாலும், எதிர்வீட்டை யார் நிறுத்துவது?

இரண்டு மணிக்கு ஆரம்பித்துவிட்டோம். திரையில் அவள் தெரிந்தாள். காதில் இயர்போன், பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு சிலுவைப் படம், கண்ணில் தூக்கம். நான் நினைத்ததைவிடச் சின்னவள். கீழே கோஷ்டியின் வரிகள் ஓடின: "தறி சத்தம் காதைப் பொளக்குது", "அமாவாசை கேன்சலா?"

வணக்கம் வைத்தோம். அவன் கேமைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான். என் முறை வந்தது.

"நான் உன் கேமை இருபது நிமிஷம்தான் ஆடினேன்" என்றேன். "முழுசா ஆடினேன்னு இங்க ஒக்காந்து பொய் சொன்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

சொல்லிவிட்டேன். மூச்சு வந்தது.

அவள் இயர்போனை அழுத்திக்கொண்டு, "கேக்கல அக்கா. சத்தமா இருக்குது. இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள்.

மறுபடி சொன்னேன், சத்தமாக. கோஷ்டியில் சிலர் என்ன பொய் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். "விட்டு விட்டு வருதுக்கா. கடைசில இன்னா சொன்னீங்க?"

மூன்றாம் முறை கத்தினேன். கத்தினால் என் குரல் எப்படி இருக்கும் என்று செவிலிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒரு தறி நின்றது. அவன் அம்மா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். சண்டை என்று நினைத்திருக்கவேண்டும், எதிர்வீட்டுத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து வீட்டில் யாரோ, "இன்னாங்கடி அங்க?" என்றார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்காம் முறை அடித்தொண்டையில் கத்தினேன்: "முழுசா ஆடாமயே பேசினேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுமா."

கண்ணைத் திறந்தால் தெருவே நின்றிருந்தது. ஒரு நாடா ஓடவில்லை. ஜன்னலில் நாலு முகம். குண்டூசி விழுந்தால் கேட்கும்.

திரையில் அவள் இயர்போனை மெதுவாகக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். "மொதல் தபாவே கேட்டுச்சிக்கா" என்றாள்.

"அப்ப ஏன் கேக்கல கேக்கலன்னு சொன்ன?"

"நடக்கிறதெல்லாம் ஒரு கேமான்னு நீங்க சொன்னதை எனக்கு யார் யாரோ அனுப்பிக்கினே இருந்தாங்க. எங்க வார்டுல ஒரு அட்டெண்டர்கூட போட்டுக் காமிச்சாரு, நான்தான் செஞ்சேன்னு தெரியாம. எத்தினி தபா கேட்டேன்னு கணக்கே இல்ல. இதையும் நாலு தபாவாவது கேக்கணும்னு தோணிச்சி. அதான்."

மைக்கை அவன் பக்கம் தள்ளினேன். ஜன்னலில் இருந்த முகங்களில் ஒன்று, "சரிதான்" என்றது. அவன்தான் அவளிடம், ஏன் இப்படி ஒரு கேம் செய்யத் தோன்றியது என்று கேட்டான். அவள் சொன்னாள்: இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினால் தூங்கிவிடுவாள், கண் விழிக்கும்போது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நிற்கும். "பக்கத்து சீட்டுல ஆள் இருந்திருப்பாங்க இல்ல? யாரும் எழுப்பமாட்டாங்க. அங்கேருந்து நடந்து வரப்போ யோசிச்சதுதான்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. கேமைத் திரும்பப் போடுவாயா என்று கேட்டேன். "பார்க்கலாம்கா" என்றாள். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன.

அன்றைக்கு எங்களை விட்டுப் போனவர்கள் உண்டு. "இவ்வளவு நாள் கிழிச்சதெல்லாம் இப்படித்தானா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை அவள் கேட்டாள் என்று அவன் அனுப்பிவைத்தான். எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, கடையில் போனை எடுத்தேன். 'இப்போது கிடைக்காது' போய், கேமில் வரும் பெண் மறுபடி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது சத்தம் இருந்தது. பஸ் ஓடுகிற சத்தத்துக்கு, அந்த ஒலிப்பதிவிலிருந்த எங்கள் தெருத் தறிகளை நர்ஸ் வைத்திருந்தாள். கேம் பெண் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அது நின்றுவிட்டது.

நான் அவசரப்படவில்லை. தேருக்கு ஒதுங்கி நின்றேன். பஸ்ஸில் கொஞ்சம், டீ குடிக்கும்போது கொஞ்சம் என்று நான்கு நாள் நடந்தேன். நான்காம் நாள் சாயங்காலம், ஜன்னலோர சீட்டில் இருந்தபடி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று ஆறும் தண்ணீராகச் சேர்ந்துகொண்டிருந்தன. கரையில் அவள் இறங்கிய அதே பஸ் நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சீட்டெல்லாம் ஆட்கள். பூக்காரி, கண்டக்டர், சாப்பாட்டுக் கூடை வைத்திருந்தவர், யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஒரு சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, அவள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. தறிச் சத்தம் மெல்ல ஆரம்பித்தது.

டவுன் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா, "இன்னாமா, உடம்பு சரியில்லியா?" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தேன். கைப்பிடிச்சுவர் ஓடிக்கொண்டிருந்தது. பாலாற்றுப் பாலம். செவிலிமேடு எப்போதோ போயிருந்தது. அக்கரையில் இறக்கிவிட்டார்கள்.

"முடிச்சிட்டேன்" என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "பஸ்ஸுல ஆடிக்கினே என் ஸ்டாப்பை விட்டுட்டேன். பாலத்துக்கு அந்தாண்ட நிக்கறேன். இனிமே நடந்துதான் போகணும்."

பாலத்தில் பாதி தூரம் நடந்திருந்தபோது பதில் வந்தது.

"நடக்கிறதெல்லாம் ஒரு கேமா அக்கா?"

பாலத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். கீழே மணல்தான் இருந்தது, வெயில் இறங்கிய நேரத்தில் அது என்னவாகவும் தெரிந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.